அறிவித்தலே தீர்ப்பாவதோ?

குற்றஞ் சாட்டுகின்றவனே தீர்ப்பையும் எழுதி, அதனை நிறைவேற்றும் பொறுப்பைப் பக்கத்துக் கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகக்கூடிய நீதிமுறை ஒன்று உலகில் உண்டென்று சொன்னால், நம்மவருட் பலர் நம்பமாட்டார்கள். பழைய நிலப்பிரபுக்கள் காலத்துக் கதை என்று தள்ளிவிடுவார்கள். ஆனால், அத்தகைய முறை 1998 ஆம் ஆண்டிலே, சனநாயகத்தின் காவலன் எனத் தன்னைப் பறைசாற்றிக்கொள்ளும் அமெரிக்காவிலே சட்டமாகி, இன்றும் நடைமுறையில் இருந்து வருகின்றது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்கும் செயலிகளை ஆக்கும் சிறிய மனிதர்கள் அதன்கீழ் நாள்தோறும் அல்லற்படுகின்றார்கள். பதிப்புரிமை மீறப்பட்டுவிட்டது என்று யாரோ ஒருவர் ஓர் அறிவித்தலை அனுப்புகின்றார். சில நாட்களில் அச்செயலி கடையில் இல்லை. விசாரணை நடக்கவில்லை, சாட்சி அழைக்கப்படவில்லை, ஆக்கியவனை ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

நாயாற்றங்கரையிலே வலை உலர்த்தும் மீனவனுக்கும், குமுழமுனையிலே வயல் விதைக்கும் கமக்காரனுக்கும் இந்தச் சங்கதியில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். அறிவித்தல் என்றால் என்னவென்று அவர்களைக் காட்டிலும் நன்கறிந்தவர்கள் யார் என்றே நாம் திருப்பிக் கேட்போம். 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலை அவர்கள் மறந்திருக்க நியாயமில்லை. வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர், அதில் முல்லைத்தீவு மாவட்டத்தில் மாத்திரம் 1,700 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் தம் உரிமையை நிறுவவேண்டும், தவறினால் அந்நிலம் அரசுக்குரியதாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம். 1984 டிசம்பரிலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். 2009 வரை நிகழ்ந்த இடப்பெயர்வுகளிலே எத்தனை பேருடைய உறுதிகளும் அனுமதிப் பத்திரங்களும் எரிந்தும் நனைந்தும் போயின! உரிமையாளர்களுட் பலர் கனடாவில். இன்னும் பலர் தமிழ்நாட்டு முகாம்களில். அவர்களை நோக்கி, மூன்று மாதத்துள் வந்து நிரூபி என்றது அந்தக் கடதாசி. நிலம் தன்னுடையதென்று நிரூபிக்கும் கடமை அரசுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுதவன் தலையிலேதான் அக்கடமை சுமத்தப்பட்டது. தமிழ் மக்கள் ஒருமுகமாக எதிர்த்ததாலும், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று இடைக்காலத் தடை கிடைத்ததாலும் அரசாங்கம் பின்வாங்க நேர்ந்தது.

வாய்மூடி இருப்பவன் உரிமையை இழப்பான் என்னும் அதே தத்துவந்தான், கடல் கடந்த நாட்டிலே, வேறு சட்டத்தின் பெயரால், நம் பிள்ளைகள் ஆக்கும் மென்பொருள்களின்மீதும் ஆட்சி செலுத்துகின்றது. ஆகவே அச்சட்டம் இயங்கும் விதத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

1998 ஒக்டோபர் 28 ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 512 ஆம் பிரிவே இதற்கு மூலம். அதனை இயற்றியவர்கள் தீய நோக்கோடு இயற்றினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பிறர் ஆக்கங்களைத் தம்மிடம் தாங்கி வைத்திருக்கும் நிறுவனங்கள், அவற்றுள் ஏதேனும் திருட்டுப் பொருள் கலந்திருந்தால் அதற்காகப் பெருந்தொகை நட்டஈடு கட்டவேண்டி வருமோ என்று அஞ்சின. அறிவித்தல் கிடைத்தவுடன் விரைந்து அகற்றிவிட்டால் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்று சட்டம் அவற்றுக்கு உறுதியளித்தது. அந்த உறுதியின் விளைவை எண்ணிப் பாருங்கள். அகற்றினால் நிறுவனத்துக்கு ஆபத்தில்லை. அகற்றாது ஆராய்ந்து பார்த்தாலோ ஆபத்துண்டு. ஆராய்ந்து பார்க்க எந்த வணிகனுக்கு மனம் வரும்? கூகிளின் செயலிக் கடையும், உலகின் மூலநிரல்களெல்லாம் குவிந்திருக்கும் கிட்ஹப்பும் அமெரிக்க நிறுவனங்களாதலால், முள்ளியவளையிலிருந்து ஏற்றிய செயலியாயினும் அதே சட்டத்தின் நிழலிலேதான் நிற்கின்றது.

அகற்றப்பட்டவனுக்கு மறுமொழி கூற வழியில்லையா எனின், உண்டு. எதிர் அறிவித்தல் என்று அதற்குப் பெயர். ஆனால், அந்த வழியின் வாசலிலே பதித்திருக்கும் முட்களை நியாயவாதிகள் கவனித்தல் வேண்டும். முதலில் அறிவித்தல் அனுப்புகின்றவர், உரிமையாளர் சார்பில் பேசத் தமக்கு அதிகாரம் உண்டு என்பதை மட்டுமே பொய்ச்சத்தியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதி செய்கின்றார். பதிப்புரிமை உண்மையிலேயே மீறப்பட்டதா என்ற தலைமைக் கேள்விக்கு, தாம் நல்லெண்ணத்தோடு அப்படி நம்புவதாகச் சொன்னாற் போதும். மறுமொழி கூறுகின்றவனோ, தவறாக அகற்றப்பட்டது என்ற தன் நம்பிக்கையையே பொய்ச்சத்தியத் தண்டனைக்கு உட்பட்டுச் சொல்லவேண்டும். தன் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் அனைத்தையும் கொடுக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அமெரிக்கச் சமஷ்டி மாவட்ட நீதிமன்று ஒன்றின் அதிகாரத்துக்குத் தான் உட்படுவதாக எழுதிக் கையொப்பமிடவும் வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவனுக்கும் இதில் விலக்கில்லை. அந்நிறுவனம் எந்த மாவட்டத்தில் உள்ளதோ, அந்த மாவட்டத்து மன்றுக்கு அவன் கட்டுப்பட்டவனாகிறான்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பயிலும் மாணவன் ஒருவன், நெல் விலையையும் குளத்து நீர்மட்டத்தையும் கமக்காரர்க்கு அறிவிக்கும் செயலி ஒன்றை ஆக்கினான் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக் கொம்பனி ஒன்று தன்னுடைய நிரலை அவன் களவாடிவிட்டான் என்று ஓர் அறிவித்தலை அனுப்பிவிடுகின்றது. அவன் பக்கம் நியாயம் இருந்தும், கலிபோர்னியாவின் நீதிமன்றுக்கு உட்படுகிறேன் என்று கையொப்பமிட அவனுடைய தந்தை சம்மதிப்பாரா? பெரும்போகத்து நெல்லை விற்று முடித்தாலும் அங்குள்ள நியாயவாதியின் ஒருநாட் கூலிக்குக் காணாது. எதிர் அறிவித்தல் அனுப்பினாலுங்கூட, பத்து முதல் பதினான்கு வேலைநாட்கள் கழிந்த பின்னரே செயலி மீளும். அறுவடைக் காலத்தில் மூன்று வாரம் மறைந்து கிடந்த செயலியைப் பின்னர் யார் தேடப்போகின்றார்?

இவையெல்லாம் கற்பனை அச்சங்கள் என்று எவரும் சொல்லவேண்டாம். 2009 இல் நியூசிலாந்து அரசின் சட்டமொன்று குறித்துக் கூகிள் நிறுவனம் சமர்ப்பித்த குறிப்பிலே, தனக்கு வந்த அகற்றல் அறிவித்தல்களில் 57 சதவீதம் வணிகப் போட்டியாளரைக் குறிவைத்து அனுப்பப்பட்டவை என்றும், 37 சதவீதம் செல்லுபடியான பதிப்புரிமைக் கோரிக்கைகளே அல்ல என்றும் கூறியிருந்தது. 2016 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெருந்தொகையான அறிவித்தல்களை எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறக்குறைய 30 சதவீதம் ஐயத்துக்கிடமானவை எனக் கண்டார்கள். 2023 நவம்பரிலோ அதே கூகிள், வியட்நாமிலிருந்து இயங்கியவர்கள் எனத் தான் கூறிய இருவர்மீது வழக்குத் தொடுத்தது. குறைந்தது 65 கணக்குகளைத் திறந்து, ஆயிரக்கணக்கான பொய் அறிவித்தல்களை அனுப்பி, 1,17,000 க்கும் அதிகமான இணைய முகவரிகளை அவர்கள் குறிவைத்தார்கள் என்பது வழக்கு. பெரிய கொம்பனிக்கு நட்டம் வந்தபோது வழக்கு எழுந்தது. சிறியவனுக்கு நட்டம் வரும்போது எழுவது பெருமூச்சு மட்டுமே.

செயலி ஆக்குவோர் படும் பாட்டுக்கு இரண்டு உதாரணங்களைச் சொல்வோம். தொலைக்காட்சிப் பெட்டிகளில் இணையப் பக்கங்களைத் திறக்கவும் கோப்புகளை இறக்கவும் உதவும் டவுன்லோடர் என்னும் செயலி 2023 மே மாதத்தில் கூகிளின் கடையிலிருந்து நீக்கப்பட்டது. இஸ்ரேலியத் தொலைக்காட்சி நிறுவனங்கள் சிலவற்றின் சார்பில் வந்த முறைப்பாடே காரணம். செயலியிலே களவுப் பொருள் ஏதும் இருந்ததா? இல்லை. அதனைக் கொண்டு ஒருவர் விரும்பினால், களவுப் படங்கள் உள்ளதாகச் சொல்லப்பட்ட ஒரு தளத்துக்குப் போகலாம் என்பதே குற்றம்! இந்தக் கணக்கின்படி கள்ளச் சாராயம் விற்கும் வீட்டுக்குப் போக வழியாயிருக்கும் தெருவையும் அடைத்துவிட வேண்டியதுதான். ஆக்கியவர் முதலில் செய்த மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டு, எதிர் அறிவித்தல் அனுப்பி, ஏறக்குறைய மூன்று வாரத்தின் பின்னரே செயலி மீண்டது.

மற்றையது இதைவிட நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. இணையத்திலுள்ள காணொளிகளைச் சேமித்து வைக்க உதவும் யூடியூப்-டிஎல் என்னும் கருவியை, அமெரிக்க இசைத்தட்டுக் கொம்பனிகளின் சங்கம் 2020 ஒக்டோபர் 23 ஆம் திகதி ஓர் அறிவித்தலால் கிட்ஹப்பிலிருந்து அகற்றுவித்தது. பாட்டுத் திருடுகின்றவர்களும் அக்கருவியைப் பயன்படுத்தியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால், நிகழ்ந்த கொடுமைகளின் காட்சிகள் தளங்களிலிருந்து அழிக்கப்படுமுன் அவற்றைப் பாதுகாத்து வைக்கும் பத்திரிகையாளரும் மனித உரிமைப் பணியாளரும் கையாளும் கருவியும் அதுவே. காட்சிகள் மறைந்துபோவதன் பொருள் என்னவென்று வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பையும், எலெக்ட்ரோனிக் ஃபுரொன்டியர் ஃபவுண்டேசன் என்னும் அமைப்பின் நியாயவாதிகள் எழுதிய மறுமொழியையும் கண்டு, நவம்பர் 16 ஆம் திகதி கிட்ஹப் அதனை மீள வைத்தது. ஆக்குநர்க்கு உதவப் பத்து இலட்சம் டொலர் நிதியமொன்றையும் அறிவித்தது. உலகம் கூக்குரலிட்டமையால் அக்கருவி பிழைத்தது. கூக்குரலிட ஆளில்லாதவனின் கருவிக்கு என்ன கதி?

எமுலேட்டர் என்னும் மென்பொருள்களை ஆக்குவோரின் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. வழக்கொழிந்த ஒரு பொறியைப் போல இன்றைய கணினியை நடந்துகொள்ளச் செய்து, அப்பழைய பொறிக்காக எழுதிய நிரல்களை இயக்குவதே எமுலேட்டரின் வேலை. விளையாட்டுப் பொறிகளை விற்கும் கொம்பனிகள் இவற்றைக் கண்டாற் சீறுகின்றன. சட்டம் என்ன சொல்கின்றது? சோனியின் பிளேஸ்டேஷன் பொறியைப் போல இயங்கும் மென்பொருளைக் கொனெக்டிக்ஸ் என்னும் கொம்பனி ஆக்கியபோது, அதனை ஆக்குவதற்காக அப்பொறியின் நிரலைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000 பெப்ரவரியிலே அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்று தெளிவாகத் தீர்த்தது. தீர்ப்பு வந்த மறு ஆண்டில் சோனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி, சந்தையிலிருந்து அகற்றிவிட்டது. பிளீம் என்னும் மற்றொரு சிறு கொம்பனியும் சோனியை நீதிமன்றில் எதிர்த்து நின்று வென்றது. வழக்குச் செலவின் பாரம் அழுத்த 2001 இல் கதவடைத்தது. வழக்கில் வென்றவன் வீட்டை இழந்த கதை நம்மூர்க் காணி வழக்குகளிலும் உண்டல்லவா?

எமுலேட்டர் ஆக்குவோர் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று நாம் வாதாட வரவில்லை. 2024 பெப்ரவரியில் நின்டெண்டோ நிறுவனம் யூசு என்னும் எமுலேட்டரை ஆக்கியவர்கள்மீது வழக்குத் தொடுத்தபோது, தன் புதிய விளையாட்டொன்று விற்பனைக்கு வருமுன்னரே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை களவாக இறக்கப்பட்டது என்று முறையிட்டது. அம்முறைப்பாட்டை அலட்சியம் செய்ய முடியாது. மார்ச் மாதத் தொடக்கத்திலேயே ஆக்கியவர்கள் 24 இலட்சம் டொலர் தர ஒப்புக்கொண்டு ஒதுங்கினார்கள். அது வழக்கு, இணக்கம், நீதிமன்றின் முன் நடந்தது. நாம் ஆட்சேபிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. அதன் பிரதிகள் என்று சொல்லி 8,535 நிரற்களஞ்சியங்கள் ஒரே அறிவித்தலின் பேரில் கிட்ஹப்பிலிருந்து அகற்றப்பட்டன. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து முறையிட வேண்டியதில்லையாம். சிலவற்றைப் பார்த்துவிட்டு, மற்றவையும் அப்படியே என்று சொன்னாற் போதுமாம். ஊரில் ஒருவன் மரம் தறித்தான் என்பதற்காக ஊர் முழுவதன் கோடரிகளையும் பறிமுதல் செய்வதற்கும் இதற்கும் என்ன பேதம்?

விளையாட்டுச் சாமான்தானே, போனாற் போகட்டும் என்று பெரியவர்கள் நினைக்கலாம். அவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகின்றோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே 97,000 நூல்கள் எரிந்தன. அந்த நெருப்பைக் கண்டவர்கள், இனி நம் எழுத்துக்களை எரியாத இடத்தில் வைப்போம் என்று கணினியை நாடினார்கள். யூனிகோட் முறை பரவுமுன்னர், 1980 களிலும் 1990 களிலும், தமிழைக் கணினியில் எழுத ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியை வகுத்தார்கள். கனடாவிலிருந்த முனைவர் சீனிவாசன் ஆக்கிய ஆதமி, ஈழத்து அச்சகங்களிலெல்லாம் கோலோச்சிய பாமினி எழுத்துரு, இன்னும் எத்தனையோ. அக்காலத்துச் சஞ்சிகைகள், மலர்கள், சங்கங்களின் அறிக்கைகள், கோயிற் கணக்குகள் யாவும் அந்தந்தக் காலத்து மென்பொருளின் கோப்புகளாக நெகிழ்வட்டுகளிற் கிடக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்த பொறிகள் இன்றில்லை. அவற்றைத் திறந்து பார்க்க வழி ஒன்றிருக்குமானால், பழைய பொறியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளே அவ்வழி. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும், 2005 இல் ஈழத்து நூல்களுக்கென எழுந்த நூலகம் நிறுவனத்துக்கும் உழைத்தவர்கள் சம்பளம் வாங்கி உழைத்தவர்கள் அல்லர். நாளைக்கு அப்பணியைத் தொடரவேண்டிய இளைஞன், எமுலேட்டர் என்ற பெயரைக் கேட்டவுடனே நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிவிடுவானாயின் நட்டம் நின்டெண்டோவுக்கன்று, நமக்கு.

கமக்காரர்க்கும் ஒரு செய்தி உண்டு. இதே 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1201 ஆம் பிரிவு, மென்பொருளுக்கு இட்ட பூட்டைத் திறப்பதைக் குற்றமாக்குகின்றது. யூடியூப்-டிஎல் கருவிமீது பாய்ந்ததும் அப்பிரிவே. உழவு இயந்திரத்துக்குள் கணினியைப் பொருத்தி விற்கும் காலம் வந்தபோது, தன் சொந்த இயந்திரத்தைத் தானே திருத்தும் உரிமையை அமெரிக்க விவசாயி இழக்கும் நிலை ஏற்பட்டது. போராடியபின் 2015 இலேதான் திருத்தவேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சண்டை இன்றும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் ஜோன் டியர் கொம்பனிமீது அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவே வழக்குத் தொடுத்தது. பழைய மசி பேர்குசனை வீட்டு முற்றத்திலே கழற்றிப் பூட்டும் நம்மவர், அடுத்து வாங்கும் இயந்திரத்தில் இந்தப் பூட்டு இருக்கின்றதா என்று கேட்டு வாங்குதல் நல்லது.

பதிப்புரிமையே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. எழுதுகின்றவனும் ஆக்குகின்றவனும் தன் உழைப்பின் பயனை அனுபவித்தல் வேண்டும். ஆனால், அந்தப் பெயரைச் சொல்லி அறிவித்தல் அனுப்புகின்றவர் எப்போதும் ஆக்கியவர்தானா? தமிழர் இதற்கு விடை கண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. பாரதியார் 1921 இல் மறைந்தபின் அவர் பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் கையாளவும் உள்ள உரிமை கைமாறிக் கைமாறி, கடைசியில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948 இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் பில்ஹணன் திரைப்படத்திலே பாரதி பாடலொன்றைப் பயன்படுத்தியதற்காக அவர்களுக்குச் செட்டியார் தரப்பிலிருந்து அறிவித்தல் வந்தது. டி.கே. சண்முகம் பணிந்துபோகவில்லை. பாரதி பாடல் ஒரு வணிகரின் தனிச்சொத்தா என்ற கேள்வி தமிழ்நாடெங்கும் கிளம்பியது. எழுத்தாளர் குரல் கொடுத்தார்கள். 1949 இல் சென்னை அரசாங்கம் உரிமைகளைத் தன் வசமாக்கியது. செட்டியார் பணம் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1955 இல் அப்பாடல்கள் மக்களின் பொதுவுடைமையாயின. சண்முகம் புகழ்பெற்ற நடிகர். அவருக்கு மேடை இருந்தது, நண்பர் இருந்தார்கள். 2017 இல் இளையராஜா எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு அறிவித்தல் அனுப்பியபோது தமிழுலகம் இரண்டுபட்டு வாதிட்டதும் இருவரும் எல்லாரும் அறிந்தவர்கள் என்பதனாலேதான். பெயர் தெரியாத மாணவனுக்கு வரும் அறிவித்தல் எந்தப் பத்திரிகையிலும் செய்தியாவதில்லை.

பொய் அறிவித்தலுக்குத் தண்டனையே இல்லையா என்றால், அமெரிக்கச் சட்டத்தில் ஏட்டளவில் உண்டு. தேர்தலில் வாக்களிக்கும் இயந்திரங்களை ஆக்கிய டீபோல்ட் கொம்பனி, தன் இயந்திரங்களின் குறைகளைக் காட்டும் உள்வீட்டுக் கடிதங்களை மாணவர்கள் வெளியிட்டபோது, பதிப்புரிமை என்ற போர்வையால் அவற்றை மூடப் பார்த்தது. தெரிந்தே தவறான அறிவித்தல் அனுப்பியதாக 2004 இல் நீதிமன்று தீர்த்து, அக்கொம்பனி 1,25,000 டொலர் செலுத்த நேர்ந்தது. ஆனால், 2015 இலே மற்றொரு வழக்கில், ஒரு குழந்தை ஆடும் 29 விநாடிக் காணொளியை அகற்றுவித்த இசைக் கொம்பனி தொடர்பாக, அறிவித்தல் அனுப்புமுன் நியாயமான பயன்பாடா என்று எண்ணிப் பார்த்தல் கடமை என்று சொன்ன அதே மேன்முறையீட்டு மன்று, அனுப்பியவர் மனத்தளவில் உண்மையென நம்பினாற் போதும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. மனத்துக்குள் என்ன நம்பினான் என்பதை யார் தோண்டி எடுப்பது? வேலியும் போட்டு, வேலியிலே கண்டாயமும் விட்டாயிற்று.

இந்தியா இவ்விடயத்தில் ஓரளவு நல்ல வழியைக் கண்டிருக்கின்றது. தன் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012 இல் திருத்தி, 2013 ஆம் ஆண்டு விதிகளின் 75 ஆம் விதியாலே ஓர் ஒழுங்கைச் செய்தது. முறைப்பாடு கிடைத்தால் 36 மணித்தியாலத்துள் அதனை மறைத்துவைக்க வேண்டும். ஆனால், முறையிட்டவர் 21 நாட்களுள் நீதிமன்றின் கட்டளையைக் கொண்டுவராவிடின், மறைத்ததை மீளத் திறக்கலாம். குற்றஞ் சாட்டுகின்றவனே படியேறவேண்டும் என்பது அதன் கருத்து. 21 நாள் நீண்டதுதான். எனினும் சுமை இருக்கவேண்டிய தோளில் இருக்கின்றது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. 11 ஆம் பிரிவில் நியாயமான பயன்பாட்டையும் ஒப்புக்கொள்கின்றது. அகற்றல் அறிவித்தல்களுக்கு அதில் ஒழுங்கு எதுவும் இல்லை. இல்லாததனால் நாம் தப்பிவிட்டோம் என்று எண்ணவேண்டாம். நம் நாட்டுச் சட்டம் மௌனமாயிருக்கும்போது அமெரிக்கக் கொம்பனியின் நடைமுறையே நமக்குச் சட்டமாகின்றது. கொழும்பிலுள்ளவர்களின் மனப்போக்கும் நம்பிக்கை தருவதாயில்லை. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, எதை அகற்றுவது என்று பணிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கத்தான் அவர்கள் விரைந்தார்கள்.

ஆகவே, புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போது நம் பிரதிநிதிகள் வாளாவிருத்தல் ஆகாது. இந்நாட்டில் வாழும் ஒருவனின் ஆக்கத்துக்கு எதிராக முறையிடுகின்றவர், குறித்த நாட்களுள் இந்நாட்டு நீதிமன்றிலே வழக்கிடவேண்டும். முல்லைத்தீவான் முல்லைத்தீவிலேயே, தமிழிலேயே மறுமொழி கூறும் வழி இருக்கவேண்டும். பொய் முறைப்பாட்டால் வந்த நட்டத்தை முறையிட்டவரே கட்டவேண்டும். இவை பாராளுமன்றிலே கேட்கப்பட வேண்டியவை. காணி அறிவித்தலை எதிர்த்து நீதிமன்று சென்ற நம் நியாயவாதிகளுக்கு இவ்வாதம் புதியதன்று.

சட்டம் திருந்தும்வரை கைகட்டி நிற்கவும் தேவையில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டத் தொழில் புரியும் தமிழர் பலர் இருக்கின்றார்கள். அமெரிக்க மன்றுக்கு உட்படுவதாகக் கையொப்பமிட அஞ்சும் மாணவனுக்கு, அஞ்சவேண்டியது எது, வேண்டாதது எது என்று ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்ல அவர்களில் நாலு பேர் முன்வந்தாலும் பெரிய உதவி. மென்பொருள் ஆக்குவோர் தம் நிரலை ஒரே கொம்பனியின் களஞ்சியத்திலே விட்டுவைக்காமல், வீட்டிலும் வேறோரிடத்திலும் பிரதி வைத்துக்கொள்ளுதல் அவசியம். எந்த நாளில் எதை எழுதினோம் என்ற குறிப்பும் கைவசம் இருக்கட்டும். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் கற்பிக்கின்ற விரிவுரையாளர்கள், நிரல் எழுதக் கற்பிக்கும் அதே வகுப்பிலே, எதிர் அறிவித்தல் எழுதும் முறையையும் அடுத்த தவணை தொடக்கம் கற்பிக்கலாம். அதற்கு வர்த்தமானி எதுவும் வெளியாக வேண்டியதில்லை.